நாகர்கோவிலில் பைலட் மாணவர்கள் சேர்வதற்கும், சேர்ந்தவர்கள் நிலைத்திருப்பதற்கும்

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஒரு இளம் பயிற்றுநர் கேட்டிருக்கிறார். வயது 27. சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் இருக்கிறது, உதவிப் பயிற்றுநர் ரேட்டிங்கும் வாங்கியிருக்கிறார். வெளிமாநிலத்தில் ஒரு பறத்தல் பள்ளியில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்) தேர்வுகளுக்கு கிரவுண்ட் கிளாஸ், அதாவது பாட வகுப்பு, தொடங்கியிருக்கிறார். டெமோ கிளாஸுக்கு 20 பேர் வந்தால் 6 பேர் சேர்கிறார்களாம். இரண்டே மாதத்தில் அதில் 4 பேர் நின்றுவிடுகிறார்களாம். முன்பு விமானத்தில் கற்றுக்கொடுத்தபோதும் சில மாணவர்கள் வேறு இன்ஸ்ட்ரக்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். மாணவர்களை எப்படி வரவழைப்பது, வந்தவர்களை எப்படித் தக்கவைப்பது என்பது கேள்வி.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்கு வழி கிடைத்தால் முதல் கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். நம் மாவட்டம் சின்னது. குழித்துறையில் ஒரு பையன் பாதியில் நின்றால் அந்தச் செய்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தக்கலைக்கு வந்துவிடும். ஒரு பெண் ஐந்து பேப்பரையும் பாஸ் செய்தால் அதுவும் அப்படித்தான் பரவும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு பெரிய பேனர் வைத்தாலும் அந்த வேகத்துக்கு ஈடாகாது.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு மாணவனை இழந்தேன். நல்ல பையன், கை சுத்தம், படிப்பிலும் குறையில்லை. ஆனால் லேண்டிங்கில் விமானத்தின் மூக்கைத் தூக்கும் நேரம் மட்டும் அவனுக்குச் சரியாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி 20 அடியில் என் கை கன்ட்ரோலுக்குப் போய்விடும். விமானம் மெதுவாக இறங்கிவிடும், நானும் "இப்போ பரவாயில்லை" என்பேன். பதினைந்து மணி நேரம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவன் அப்பா வந்தார். கோபப்படவில்லை. "சாரே, அவன் இன்னும் ஒரு தடவைகூட தானா இறக்கலன்னு சொல்றான். நீங்க இறக்குறதுக்கா நாங்க காசு கட்டுறோம்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் பையன் வேறொரு பயிற்றுநரிடம் போனான், கொஞ்ச நாளில் தனியாக ஓட்டும் சோலோவும் முடித்தான். எனக்கு அது பெரிய பாடம். அவனுடைய பணத்தில், அவனுடைய நேரத்தில் நான் எனக்காக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்பும்போது, "இன்று எனக்கு இது வந்தது, நாளை இது வரப்போகிறது" என்று சொல்ல முடிகிற மாணவன் நிலைத்திருப்பான். அது சொல்ல முடியாத நாட்கள் பத்து சேர்ந்தால் போய்விடுவான். கட்டணம், தூரம், வீட்டுச் சூழ்நிலை எல்லாம் அப்புறம் சொல்லும் காரணங்கள்.

விமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் பிரீஃபிங், இறங்கியதும் பத்து நிமிடம் டிபிரீஃபிங். இதை எந்த நாளும் விடாதீர்கள். அடுத்த மாணவன் காத்திருக்கிறான், சாப்பாடு ஆறுகிறது என்று எழுந்து போகிற இன்ஸ்ட்ரக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிபிரீஃபிங்கில் முதலில் மாணவன் பேசட்டும்: எது சரியாக வந்தது, எங்கே தவறியது. பெரும்பாலும் தவறு எது என்று அவனுக்கே தெரியும், ஏன் நடந்தது என்றுதான் தெரியாது. அந்த ஏன் மட்டும் உங்கள் வேலை. ஒரு நாளைக்கு ஒரு தவறைத் திருத்தினால் போதும். ஏழு தவறுகளை அடுக்கினால் அவன் ஏழையும் மறந்து உங்கள் முகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வான்.

லேண்டிங் பழகும்போது எல்லாருக்கும் ஒரு கட்டம் வரும். நேற்று நன்றாக வந்தது இன்று வராது. மூன்று நாள், ஐந்து நாள் அப்படியே நிற்கும். விட்டுப்போகிறவர்கள் அதிகம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். "எனக்கு இது வராது போல" என்ற எண்ணம் உள்ளே வந்துவிடும். இப்படி ஒரு கட்டம் வரும் என்று அது வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வந்தபிறகு சொன்னால் ஆறுதல் மாதிரி இருக்கும், முன்பே சொன்னால் பாடத்தின் ஒரு பகுதி மாதிரி இருக்கும். அந்த நாட்களில் ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் சர்க்யூட்டையே திரும்பத் திரும்பச் சுற்றாதீர்கள். ஒருநாள் வெளியே கூட்டிப்போய் ஸ்லோ ஃபிளைட் (மெதுவாகப் பறத்தல்), ஸ்டால் ரெக்கவரி (இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது மீட்பது) என்று மாறுதலான பயிற்சி கொடுங்கள். திரும்பி வந்து இறங்கும்போது, மூக்குக்கு முன்னால் உள்ள தரையைப் பார்க்காமல் ரன்வேயின் கடைசி முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு கண்ணில்தான் இருக்கும், கையில் இருக்காது.

உங்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகுங்கள். "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொன்னால் உண்மையாகவே விட்டுவிட வேண்டும். நீங்கள் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மாணவனுக்கு அது தெரியும். ஆபத்து வருமுன் கன்ட்ரோலை எடுக்க வேண்டிய உயரம் எது, வேகம் எது என்று உங்களுக்குள் ஒரு கோடு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டினால் தெளிவாகச் சொல்லி எடுங்கள், தாண்டாதவரை அவன் தவறட்டும். தலைசுற்றல் வரும் மாணவனிடம் ஓட்டுவதைக் கொடுத்துவிடுங்கள். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும், காற்றுத் துளை திறந்திருக்கட்டும், அன்றைக்கு அரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். முதல் சில பறத்தல்களை வெயில் ஏறி காற்று குதிக்கத் தொடங்குவதற்கு முன், காலை நேரத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். உங்களைப் போன்ற இளம் பயிற்றுநர்கள் பலர் விமான நிறுவன வேலை கிடைக்கும்வரை பறந்த மணி நேரம் சேர்க்க இந்த வேலைக்கு வருகிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் மாணவன் தன்னை, பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் உங்கள் லாக் புக்கில் ஒரு வரியாக உணர்ந்த அன்றே மனசு விட்டுப்போகும். ஆறு மாதத்தில் கிளம்பும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கிளம்பும்போது ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பக்கம் எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள்: என்ன முடிந்தது, எதில் தடுமாறுகிறான், எப்படிச் சொன்னால் புரிகிறது. புதிய ஆளிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது அவனுக்குப் பணமும் போகிற, மானமும் போகிற காரியம். அதேபோல, உங்களோடு ஒத்துவராத மாணவனை நீங்களே நல்ல பயிற்றுநர் ஒருவரிடம் அனுப்பிவையுங்கள். அப்படி நான் அனுப்பிய இரண்டு பேர் பிறகு தங்கள் தம்பிமாரை என்னிடமே கொண்டுவந்து விட்டார்கள்.

இனி கிரவுண்ட் கிளாஸ். நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஒரு பக்கம் திருவனந்தபுரம், மறுபக்கம் தூத்துக்குடி. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளியில்தான் பறக்கக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதால், நாகர்கோவிலில் உட்கார்ந்து உங்களால் கொடுக்க முடிவது தேர்வுப் பாடமும் சரியான வழியும்தான். நேவிகேஷன் (வழி கணக்கிடுதல்), மீட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக், கூடவே ரேடியோ பேசுவதற்கான ஆர்டிஆர். எழுத்துத் தேர்வில் 70 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். பன்னிரண்டாம் வகுப்பில் 90க்கு மேல் வாங்கிய பிள்ளை முதல் மாதிரித் தேர்வில் 48 வாங்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போகிறவன்தான் அடுத்த திங்கட்கிழமை வராமல் போகிறவன். உங்கள் நான்கு பேர் இரண்டாவது மாதத்தில் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நேவிகேஷன் கணக்கை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று பாருங்கள்.

நான் மீட்டியராலஜியில் ஆரம்பிப்பேன். காரணம், இந்தப் பாடத்துக்கு நம் மாவட்டத்தைப் போல ஒரு வகுப்பறை கிடைப்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே வந்து முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். பையன்களைப் பஸ்ஸில் ஏற்றி ஜூன், ஜூலையில் ஒருநாள் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். மலைக்கு மேற்கே மேகம் ஏறி மழை பெய்கிறது, கிழக்கே வானம் வெளுத்துக் காற்று மட்டும் அறைகிறது. மலையின் காற்றடிக்கும் பக்கம் விமானம் ஏன் மேலே தூக்கப்படும், மறுபக்கம் ஏன் கீழே அழுத்தப்படும் என்பதைப் புத்தகப் படத்தில் பார்த்தவன் மறந்துவிடுவான். தோவாளை தாண்டி அந்தக் காற்றில் சட்டை படபடக்க நின்றவன் மறக்க மாட்டான். மதியத்துக்குமேல் கடல்காற்று, இரவில் கரைக்காற்று எல்லாம் முட்டத்துக்காரனுக்கும் குளச்சல்காரனுக்கும் நீங்கள் சொல்லவே வேண்டாம். மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வதைப் பாடத்தோடு இணைத்துவிடுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பேரைச் சொல்வதுதான் விமானத் துறையிலும் வழக்கம்.

என்னிடம் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் படித்தான். ஆங்கிலம் தடுமாறும், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். காற்றில் விமானம் ஒதுங்குவதைச் சொல்லும் டிரிஃப்ட் பாடம் வந்த அன்று, படகு நீரோட்டத்தில் எப்படி ஒதுங்கும், அப்பா எவ்வளவு திருப்பிப் பிடிப்பார் என்று கேட்டேன். எழுந்து வந்து போர்டில் வரைந்துவிட்டான். அறுபது மைல் ஓட்டத்தில் ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரி பிசகு என்கிற விதியை அவன்தான் மற்றவர்களுக்கு விளக்கினான். அதற்குப் பிறகு அவன் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

அதே சமயம் ஒரு எச்சரிக்கை. புயல் பாடத்தில் ஒகி வரும். 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே குமரிக்கடலில் புயலாக மாறியது. வேகமாக வலுப்பதற்கு அதைவிட நெருக்கமான உதாரணம் நமக்கு இல்லை. ஆனால் உங்கள் வகுப்பில் அந்தப் புயலில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தனியாகக் கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் வேறு புயலை எடுங்கள்.

நேவிகேஷனில் நேரக் கணக்கு பலரைப் பயமுறுத்தும். அதற்கும் கன்னியாகுமரியே போதும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. கன்னியாகுமரி கிட்டத்தட்ட 77.5இல் இருக்கிறது. வித்தியாசம் 5 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக நம்முடைய உள்ளூர் நேரம் கடிகாரத்துக்கு 20 நிமிடம் பின்னால். முக்கடல் கரையில் சூரியோதயம் பார்க்க நிற்கிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அந்த அத்தியாயத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், அதையே உடனே ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லுங்கள், பிறகு மாணவனை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். தேர்வும் ஆர்டிஆரும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலப் புலமைக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை கூச்சத்தாலேயே நின்றுவிடும். தினமும் பத்து நிமிடம் ரேடியோ பேச்சு மட்டும் பயிற்சி கொடுத்தால் அந்தக் கூச்சம் ஒரு மாதத்தில் போகும். ரேடியோ மொழி அளவானது, சொற்கள் குறைவு. அதில் தைரியம் வந்தால் மற்ற ஆங்கிலமும் பின்னாலேயே வரும்.

சரி, இனி மாணவர்கள் வருவதைப் பற்றி. டெமோ கிளாஸில் நீங்கள் என்ன காட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. யூனிஃபார்ம் போட்டு, பெரிய விமானத்தின் படத்தைப் போட்டு, சம்பளக் கணக்கு சொல்லியிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சுக்கு வருகிறவர்கள் முதல் கஷ்டத்திலேயே போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு வரைபடம், கையால் கணக்குப் போடும் ஒரு ஃபிளைட் கம்ப்யூட்டர் வட்டு, கோணம் அளக்க இரண்டு பிளாட்டர். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு ஒரு பயணத்தை ஒரு மணி நேரத்தில் அவர்களையே திட்டமிட வையுங்கள். யாருக்குக் கண் விரிகிறது, யார் மொபைலைப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மேல்நிலைப் பள்ளிகளில் பிசிக்ஸ் ஆசிரியரிடம் ஒரு பீரியட் கேட்டு வாங்கி இதையே செய்யலாம். ஒருநாள் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். பக்கத்திலேயே விமான நிலையம். ரன்வேயின் இரண்டு முனைக்கும் 14, 32 என்று எண், அதாவது ஏறத்தாழ 140, 320 டிகிரி திசை. அன்றைய காற்றைப் பார்த்து எந்தப் பக்கம் இறங்குவார்கள் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் விமானம் வரும்வரை காத்திருங்கள்.

ஆனால் நம்மூரில் முடிவெடுப்பது பெற்றோர். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர், வளைகுடாவில் இருபது வருடம் உழைத்தவர், வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா. அவர்களுக்குப் படித்த வேலை புதிதல்ல. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் இந்த மாவட்டத்துக்காரர், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர். ராக்கெட் மேல் இருக்கிற நம்பிக்கை விமானத்தின் மேலும் இருக்கிறது. பைலட் படிப்பு என்றதும் வரும் ஏஜென்டுகள் மேல்தான் நம்பிக்கை இல்லை. அதனால் முதல் சந்திப்பிலேயே முழுக் கணக்கையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக. மொத்தச் செலவு அரைக் கோடியைத் தொடக்கூடும். அதற்குப் பிறகு ஜெட் விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டும் தகுதி, தனிச் செலவு. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும், பெரும்பாலும் அது வீடோ தோட்டமோதான். லைசென்ஸ் வாங்கியதும் வேலை உறுதி என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பது அலை மாதிரி, ஏறும், இறங்கும். இதையெல்லாம் கேட்டபிறகும் சேர்கிற குடும்பம் பாதியில் பின்வாங்காது.

மெடிக்கலை, அதாவது விமானிக்கான உடல்தகுதிச் சோதனையை, பணம் வாங்குவதற்கு முன்னால் வையுங்கள். முதலில் தொடக்கச் சோதனையான கிளாஸ் 2, முடிந்தவரை சீக்கிரம் சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1. நிறக்குருடு இருப்பது தெரியாமலே ஃபீஸ் கட்டிவிட்டு உடைந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பிசிக்ஸ், கணக்கு இல்லாதவர்களுக்குத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டையும் எழுதும் வழி உண்டு, அதையும் சொல்லுங்கள். "இப்போதைக்கு என்னிடம் ஃபீஸ் கட்ட வேண்டாம், மெடிக்கல் முடித்துவிட்டு வாருங்கள்" என்று நீங்கள் திருப்பி அனுப்புகிற ஒரு வீட்டுக்காரர், தனக்குத் தெரிந்த எல்லோரிடமும் உங்கள் பெயரைச் சொல்வார்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். உலகில் பெரும்பாலான நாடுகளைவிட இது அதிகம். நம் மாவட்டத்துப் பெற்றோர் மகளைத் தூர தேசத்துக்கு நர்ஸாக அனுப்பத் தயங்காதவர்கள். பறத்தல் பள்ளி என்றால் அவர்கள் கேட்பது ஹாஸ்டல் எங்கே, யார் பொறுப்பு, அதிகாலைப் பறத்தலுக்கு வண்டி உண்டா என்பதுதான். நீங்கள் பரிந்துரைக்கிற பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கவும் உதவுங்கள். 2025இல் டிஜிசிஏ பறத்தல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது, அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். அதைவிட முக்கியமாக, பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், கடந்த மாதம் ஒரு மாணவன் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தான் என்ற மூன்று கேள்விகளை அங்கே படிக்கிற மாணவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். வடநாட்டில் குளிர்காலப் பனியில் வாரக்கணக்கில் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இங்கிருந்து நீங்கள் வாரம் ஒருமுறை போன் பண்ணுங்கள். கிரவுண்ட் கிளாஸ் முடிந்த மாணவன் இன்னும் உங்கள் மாணவன்தான்.

ஃபீஸ் விஷயம் சுருக்கமாக. மொத்தமாக வாங்காதீர்கள், பாடத்துக்குப் பாடம் வாங்குங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பேட்சுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, அதில் அன்றைய பாடம், வந்தது, வராதது என்று இரண்டு வரி. மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பெற்றோர் பார்க்கட்டும். ஒருவன் இரண்டு வகுப்பு வராவிட்டால் மூன்றாம் நாள் நீங்களே கூப்பிடுங்கள், ஆபீஸ் பெண் கூப்பிட வேண்டாம். நின்றுபோன நான்கு பேரையும் இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். திரும்பி வாருங்கள் என்று கேட்க வேண்டாம், எந்த நாளில் மனசு விட்டது என்று மட்டும் கேளுங்கள். நான் இங்கே எழுதியதைவிட அந்த நான்கு பதில்களில் உங்களுக்கு அதிகம் கிடைக்கும்.

ஜூனில் காற்று பிடித்ததும் சொல்லுங்கள். முப்பந்தலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் அன்றைய காலை வகுப்பை நான் எடுக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஆரல்வாய்மொழியில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில் திரும்பிவிடலாம்.